மாசிலாமணி விரட்டிய நாலாயிரம் எதிரிகள்

ஒரு காட்டில், மழை பெய்தால் ஆறு என்றும் பெய்யாவிட்டால் எல்லை என்றும் அழைக்கப்பட்ட மணல் பள்ளம் ஒன்று இருந்தது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் காட்டுப்பன்றிகளின் ஆட்சி. அந்தப் பக்கம் செந்நாய்கள். பன்றிகளின் கரையில், ஒரு மருத மரத்தின் வேரடியில், மாசிலாமணி என்ற குழிவிரியன் பதினோரு வருடமாகக் காவல் உத்தியோகம் பார்த்து வந்தார்.

குழிவிரியன் என்பது பாம்பில் ஒரு வகை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழி இருக்கும். அந்தக் குழிக்குச் சூடு தெரியும். புதருக்குள் பதுங்கியிருப்பது எலியா முயலா, முயல் என்றால் சினையா இல்லையா என்பது வரை மாசிலாமணி முகத்தாலேயே சொல்லிவிடுவார். பதினோரு வருடத்தில் ஒரே ஒருமுறைதான் தவறாகச் சொன்னார். அப்போது அவருக்குச் சளி பிடித்திருந்தது.

போன வருடம் செந்நாய்கள் இரண்டு பன்றிக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயின. அதற்கு மூன்று நாள் முன்னாலேயே மாசிலாமணி, "அக்கரையில் நடமாட்டம் உண்டு, குட்டிகளை உள்ளே வைக்கவும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று பதில் வந்தது. வந்தபோது குட்டிகள் இல்லை. அதில் ஒரு குட்டி தளபதி சென்னியப்பனின் தங்கை மகன். தளபதி நல்ல பன்றிதான். துக்கத்தில் மூன்று நாள் சேற்றில் இறங்கவில்லை. நான்காம் நாள், இனி எல்லையைப் பாம்பை நம்பி விடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து, பனிக்காலத்துக்கு வலசை வந்திருந்த வரித்தலை வாத்து ஒன்று கருவி விற்க வந்தது. இமயமலைக்கு அப்பாலிருந்து வரும் பறவை என்பதால் அது சொன்னதை யாரும் குறுக்கே கேட்கவில்லை. கருவிக்குப் பெயர் எல்லைக்கண்.

"அசையுதா, சூடா இருக்கா. இந்த ரெண்டே கேள்விதான் கேட்கும். ரெண்டுக்கும் ஆமான்னா அது எதிரி," என்றது வாத்து.

மாசிலாமணி தலையைத் தூக்கினார். "ஏனுங்க, நம்ம தளபதியும் அசையறாருங்க. சூடாவும் இருக்கறாருங்க."

"உங்க தளபதி எல்லைக்குப் போவாரா?"

கூட்டத்தில் இருந்தவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். போகமாட்டார்தான். கருவி அன்றைக்கே மருத மரத்தில் ஏறிவிட்டது.

மாசிலாமணியை வேலையை விட்டு எடுக்கவில்லை. திரைக் கண்காணிப்பாளர் என்று பதவிப் பெயர் மாற்றி, கருவிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வேலை எளிது. பள்ளத்தில் சூடான ஏதாவது அசைந்தால் திரையில் வெள்ளையாகத் தெரியும். உடனே ஒரு நம்பர் விழும், கருவி ஊளையிடும். பத்து எண்ணுவதற்குள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எதிரி. பாறை மேல் இருந்த கருமந்திகளுக்கு மணி அடிக்கும், அவை கல்மாரி பொழியும், பதிவேட்டில் 'விரட்டப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் எதிரி அல்ல. கல் விழாது. ஆனால் ஏன் எதிரி அல்ல என்று ஏழு பக்கப் படிவம் எழுதிக் கொடுக்கும்வரை ஊளை நிற்காது, இன்னொரு பச்சையும் எரியாது. பத்து எண்ணும்வரை எதையும் அழுத்தாமல் இருந்தால் கருவி தானாகவே சிவப்புக்குப் போய்விடும்.

முதல் நாள் காலையிலேயே திரையில் உருண்டையாக ஒரு வெள்ளை நகர்ந்து வந்தது. நம்பர் ஒன்று. மாசிலாமணியின் முகம், அது காட்டெருமைச் சாணி, போட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை என்றது. எட்டிப் பார்த்தார். சாணிவண்டு மாரப்பன் தலைகீழாக நின்று பின்னங்காலால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் பெண்சாதி நாச்சக்கா கூடவே நடந்தாள். அக்கரையில்தான் மண் இளக்கம். அங்கே கொண்டுபோய்ப் புதைத்து, உருண்டைக்கு ஒன்றாக முட்டை வைப்பாள். குஞ்சு வெளியே வரும்வரை அதற்கு வீடும் அதுதான், சோறும் அதுதான். வண்டுகளுக்கு உடம்பில் சூடு கிடையாது என்பதால் கருவிக்கு அவர்கள் இருவரும் தெரியவில்லை. சாணி மட்டும் தானாக எல்லை தாண்டிக்கொண்டிருந்தது.

மாசிலாமணி பச்சையை அழுத்திவிட்டு, படிவம் வாங்கப் பதிவுப் பிரிவுக்குப் போனார். அங்கே செண்பகவல்லி அம்மாள் என்ற முள்ளம்பன்றி இருந்தார். வந்த காகிதம், போன காகிதம், போகாத காகிதம் எல்லாவற்றையும் தன் முள்ளிலேயே குத்தி வைத்திருந்தார். திரும்பிப் படுக்கும்போதுதான் எந்தக் கோப்பும் கைக்குக் கிடைக்கும்.

மூன்றாம் பக்கத்தில், 'தகவல் கிடைத்த வழி: அ) கருவி, ஆ) வேறு கருவி' என்று இருந்தது. மாசிலாமணி ஓரத்தில் 'என் முகம்' என்று எழுதினார். அம்மாள் அதை அடித்தார். ஐந்தாம் பக்கத்தில், எதிரி அல்லாதவர் தான் எதிரி அல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"சாணிக்குக் கையெழுத்துத் தெரியாதுங்களேம்மா."

"ரேகை வைக்கச் சொல்லுங்க," என்றார் அம்மாள்.

எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை காடு முழுக்க ஊளை. அதற்குள் திரையில் தெரிந்த, மற்ற வண்டுகள் உருட்டிய இன்னும் பதினோரு சாணிக்குக் கருவி தானாகவே மணி அடித்துவிட்டது. மறுநாள் தளபதி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா மாசிலாமணி. நேத்து பதினோரு எதிரிய கருவியே விரட்டியிருக்குது. நீ ஒருத்தனுக்கு உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதியிருக்கற."

"அது சாணிங்க."

"படிச்சேன். இதை நான் எப்படி மேலிடத்துக்கு அனுப்பறது? இவ்வளவு பெரிய கருவிய வாங்கி, சாணி வந்துச்சுன்னு எழுதறதா?" தளபதி குரலைத் தாழ்த்தினார். அதில் கோபம் இல்லை. "உனக்கும் வயசாகுது. ஒரு வரி எழுதிட்டு நிம்மதியா இரு."

மாசிலாமணி அன்று நான்கு பச்சை அழுத்த நினைத்தார். ஒன்றுகூட அழுத்தவில்லை. மறுநாள் நினைக்கவும் இல்லை. சாணி வந்தது, சிவப்பு. வெயிலில் சுட்ட கூழாங்கல் உருண்டது, சிவப்பு. மயில் நடந்தது, சிவப்பு. மயிலுக்கு ஒரு இறகு போனது. வால்நுனியால் அழுத்தி, வால்நுனியால் எழுதி, அந்த இடத்தில் அவருக்குத் தோல் தடித்துப் போனது.

மாரப்பனின் உருண்டைகள் மூன்று முறை சிதறின. மூன்றாம் முறை நாச்சக்கா, தெறித்துக் கிடந்த சாணியை ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி, முட்டை வைக்கும் அளவுக்கு ஒட்டப் பார்த்ததை மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தார். மாரப்பன் மரத்தடிக்கு வந்தான்.

"அண்ணே, நாங்க என்னண்ணே பண்ணுனோம்? கோபம்னா சொல்லுங்க, வேற பக்கம் போயிக்கறோம்."

மாசிலாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். பங்குனி பிறந்ததிலிருந்து அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். உச்சி வேளையில் மணல் எந்த உயிருக்கும் உடம்பில் இருக்கிற அதே சூட்டுக்கு வந்துவிடும். அப்போது திரை முழுக்க ஒரே வெள்ளை. யானையே குறுக்கே நடந்தாலும் சூட்டுக்குள் சூடு தெரியாது. கருவி, 'அனைத்தும் நலம்' என்று காட்டும்.

"உச்சி வெயில்ல போ," என்றார்.

"சாணி காஞ்சுருமேண்ணே."

"காயாத அளவுக்குப் பெருசா உருட்டு. யாருகிட்டயும் சொல்லாத."

மாரப்பன் யாரிடமும் சொல்லவில்லை, அக்கரையில் கேட்டவர்களைத் தவிர.

இதற்கிடையே தளபதியின் பெயர் ஓங்கிவிட்டது. முன்பெல்லாம் ஆபத்தைக் கண்டால் கத்திக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவிகள், இப்போது தினமும் காலையில் கணக்கை வாசித்தன. நேற்று முப்பத்தொரு எதிரிகள் விரட்டப்பட்டனர். இன்றுவரை மூவாயிரம். இன்றுவரை மூவாயிரத்து எண்ணூறு. சித்திரையில் எண்ணிக்கை நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறைத் தொட்டது. மேலிடம் தளபதிக்கு ஒரு பதக்கம் அனுப்பியது. மேலிடம் என்பது மலை உச்சி. அங்கே யார் இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பதக்கம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ஒரு நாள் உச்சிப் பொழுதில் மாசிலாமணி திரைக்கு முன்னால் சுருண்டு கிடந்தார். திரை வெள்ளை. அனைத்தும் நலம். எதற்கோ தலையைத் திருப்பியவர், பள்ளத்தின் நடுவே செந்நாய்கள் வரிசையாக நடந்து வருவதைக் கண்டார். மொத்தம் இருபத்துமூன்று. குட்டிகளும் இருந்தன. மறைந்து வரவில்லை, ஓடி வரவில்லை. எல்லோருக்கும் வால் தொங்கியிருந்தது.

மாசிலாமணி சேற்றுக்குட்டைக்கு விரைந்தார். "ஐயா, செந்நாய் வந்திருக்குதுங்க. கூட்டத்தோட."

தளபதி துள்ளி எழுந்தார். பிறகு, "நம்பர் என்ன?" என்றார்.

"நம்பர் விழலீங்க."

"நம்பர் விழாம எப்படி வந்தாங்க?"

"வந்துட்டமுங்க," என்றது ஒரு குரல். செந்நாய்த் தலைவி வெள்ளாத்தாள் குட்டையின் கரையில் நின்றிருந்தாள். முதுகெலும்பு துருத்திய கிழவி. பின்னால் கூட்டம் இருந்தது.

தளபதியின் கால்கள் நடுங்கியதை மாசிலாமணி பார்த்தார். தன் கால்களைப் பற்றி அவருக்கு அந்தக் கவலை இல்லை.

"சண்டைக்கு வரலீங்க," என்றாள் வெள்ளாத்தாள். "ஒண்ணு கேக்கோணும். நாலாயிரத்துச் சொச்சம் பேர விரட்டுனதா குருவி வாசிக்குதுங்க. நாங்களே குட்டிகளோட சேர்த்து இருபத்துமூணு பேரு. மார்கழியில இருந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் கால் வைக்கல. அப்ப அந்த நாலாயிரம் பேரு யாருங்க?"

தளபதி குனிந்து தன் பதக்கத்தைப் பார்த்தார்.

"மூணாவதா ஒரு படை எங்கயோ இருக்குது. இன்னிக்கு உங்கள அடிக்கிறவங்க நாளைக்கு எங்கள அடிப்பாங்க. அவங்கள நீங்க ஒரு கல்லுல விரட்டறீங்க. எங்களால ஆகாதுங்க. அதனால கேக்கறேன். இனி உங்க குட்டிகள நாங்க தொடமாட்டோம். இந்தக் கரைக்கு வேட்டைக்கே வரமாட்டோம். உங்க கல்லு எங்களையும் சேர்த்துக் காப்பாத்தோணும். எழுதிக் கொடுங்கன்னாலும் எழுதித் தர்றோம்."

தளபதியின் கண் அவர் தங்கை வீட்டுப் புதரின் பக்கம் போனது. இந்த வருடக் குட்டிகள் ஐந்தும் அங்கே முட்டி விளையாடிக்கொண்டிருந்தன. அவர் அந்த ஒப்பந்தத்தைத்தான் விரும்பினார். மாசிலாமணிக்கு அதில் சந்தேகமே இல்லை. பன்றியின் நெஞ்சுப் பக்கம் சூடு இளகுவது தன் முகத்துக் குழியில் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் தளபதி பொறுப்பில் இருப்பவர். "எல்லாம் சரி. நீங்க வந்ததே பதிவாகல. வராதவங்க எப்படிச் சரணடையறது? நாளைக்கு மேலிடம் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யுங்க. நாளைக்குக் காலையில, மணல் சூடேறறதுக்குள்ள, மறுபடியும் வாங்க. எல்லாரும் சேர்ந்தே வாங்க. நம்பர் விழுந்ததும் ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

பிறகு திடீரென்று, "உச்சி வெயில்ல வந்தா தெரியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார்.

மாசிலாமணிக்கு உடம்பு இன்னும் குளிர்ந்தது. வெள்ளாத்தாள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் மாரப்பன் தன் உருண்டைக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க. எங்களுக்கு வெயில் ஒத்துக்கும்," என்றாள். அவள் நாக்கு ஒரு சாண் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது மாசிலாமணி சொல்லியிருக்கலாம். அந்த நாலாயிரமும் சாணி என்று சொல்லியிருக்கலாம். கூட்டமாக வராதீர்கள், ஒரு பச்சைக்கு ஒருவர் என்று நாளுக்கு ஒருவராக வாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். தளபதியின் பதக்கம் வெயிலில் மின்னி அவர் கண்ணில் அடித்தது. பாம்புக்கு இமை கிடையாது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

செந்நாய்கள் போன பிறகு, "ஐயா, ஒரு பச்சைக்கு ஏழு பக்கம் எழுதாம அடுத்த பச்சை எரியாதுங்களே," என்றார்.

"முன்னாடியே எழுதி வச்சுக்க," என்று சொல்லிவிட்டுத் தளபதி சேற்றில் இறங்கினார்.

செண்பகவல்லி அம்மாள், நம்பர் விழாமல் படிவம் தருவதற்கில்லை என்றார். கருவியை நிறுத்தலாம் என்றால், நிறுத்தும் வழி வரித்தலை வாத்துக்குத்தான் தெரியும், அது பனிக்காலம் முடிந்ததும் இமயமலைக்கு அப்பால் பறந்துவிட்டது. மாசிலாமணி பாறை ஏறிக் கருமந்திகளிடம் போனார். அவை ஒப்பந்தக் கூலிகள்.

"மணி அடிச்சா எறியணும். அடிக்கலேன்னா எறியக்கூடாது. அடிச்சும் எறியாம இருக்கறதுக்கு எங்க ஒப்பந்தத்துல இடமில்ல," என்றது மூத்த மந்தி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டியது.

விடிந்ததும் செந்நாய்கள் வந்தன. மணல் சில்லென்று இருந்தது. திரையில் இருபத்துமூன்று வெள்ளை உருவங்கள், காது, வால், மூச்சு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கருவி வாங்கியதிலிருந்து இவ்வளவு துல்லியமாக அது எதையும் காட்டியதில்லை. இருபத்துமூன்று நம்பர் விழுந்தது. மாசிலாமணி முன்னால் வந்த வெள்ளாத்தாளுக்குப் பச்சை அழுத்தினார். அடுத்ததற்கு அழுத்தினார், எரியவில்லை. மறுபடி அழுத்தினார். வால்நுனி வலிக்க அழுத்திக்கொண்டே இருந்தார். ஒன்பது. பத்து.

மணி இருபத்திரண்டு முறை அடித்தது.

கருமந்திகள் கைதேர்ந்தவை. பச்சை பெற்ற ஒருத்தியை விட்டுவிட்டு மற்ற எல்லோர் மேலும் எறிந்தன. பள்ளம் முழுக்கப் புழுதி. புழுதி அடங்கியபோது வெள்ளாத்தாள் மட்டும் நடுவில் நின்றிருந்தாள். அவள் மேல் ஒரு சிறு கல்கூடப் படவில்லை. சுற்றிலும் மற்றவை கால் நொண்டிக்கொண்டும் குட்டிகளைக் கவ்விக்கொண்டும் திரும்பி ஓடின. ஒரு குட்டி எழவில்லை. அவள் அதைப் பின்கழுத்தில் கவ்வித் தூக்கினாள். மருத மரத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடந்தாள், ஓடவில்லை.

ஊளை நின்றபாடில்லை. பச்சைக்கு உரிய படிவம் பாக்கி. மாசிலாமணி உட்கார்ந்து ஏழு பக்கமும் எழுதினார். இந்தமுறை எழுதியது அத்தனையும் உண்மை. ஐந்தாம் பக்கத்துக் கையெழுத்துக்காக, படிவத்தை வாயில் கவ்விக்கொண்டு பள்ளத்தைக் கடந்தார். அவர் உடம்பில் சூடில்லாததால் கருவி அவரைக் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளாத்தாள் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. சூடும் குறைந்துகொண்டே வந்தது. மாசிலாமணிக்கு அது முகத்தில் தெரிந்தது. தெரியாமல் இருக்க அவருக்கு வழியில்லை.

அவள் படிவத்தை வாங்கிப் படித்தாள். 'மேற்கண்ட நான் எதிரி அல்ல என்று உறுதியளிக்கிறேன்.'

"நேத்து கொண்டு வந்திருந்தீங்கன்னா போட்டிருப்பேனுங்க," என்று திருப்பிக் கொடுத்தாள்.

கையெழுத்து இல்லாத படிவத்தைச் செண்பகவல்லி அம்மாள் வாங்கவில்லை. படிவம் தர வேண்டிய கெடு முடிந்ததும் கருவி அந்தப் பச்சையையும் சிவப்பாக மாற்றிக்கொண்டு மணி அடித்தது. கருமந்திகள் வெறும் மணலில் எறிந்தன. நாலாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து தணிக்கைக்கு இரண்டு மலை அணில்கள் வந்தன. நாலாயிரம் எதிரிகள் வந்ததற்கு ஒரு ரோமம்கூடத் தடயம் இல்லையே என்று அவை முன்பே ஆட்சேபணை எழுப்பியிருந்தன. இப்போது பள்ளத்தில் ரத்தம் இருந்தது, கடைவாய்ப் பல் ஒன்று இருந்தது, வேண்டிய அளவு ரோமமும் இருந்தது. ஆட்சேபணையை நீக்கிக் கையெழுத்திட்டுப் போயின. தளபதிக்கு இரண்டாவது பதக்கம் வந்தது. மாசிலாமணிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் அதை இரண்டுமுறை படித்துவிட்டு அதன் மேலேயே சுருண்டு படுத்தார்.

மாரப்பன் கல்மாரி பெய்த அன்றே மூட்டை கட்டிவிட்டான். "ரெண்டு கரையும் வேண்டாம்ணே. நாச்சக்கா பயப்படுது," என்று சொல்லி, மேற்கே எங்கோ உருட்டிக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்து, உச்சி வேளையில் செந்நாய்கள் மறுபடி வந்தன. இந்தமுறை வால் தொங்கவில்லை. மாசிலாமணி குரல் கொடுத்துக்கொண்டே குட்டைக்கு ஓடினார். தளபதி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். திரை வெள்ளை. அனைத்தும் நலம்.

"நம்பர் இல்லையே," என்றார்.

தங்கை வீட்டுப் புதரிலிருந்து சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஐந்து குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியது. தங்கை புழுதியோடு வந்து மரத்தடியில் நின்றாள். "அண்ணா, செந்நாய் வந்துச்சண்ணா," என்றாள். சத்தம் கேட்டு வந்த செண்பகவல்லி அம்மாள் முள்ளிலிருந்து ஒரு தாளை உருவி, "எச்சரிக்கை எண்?" என்று கேட்டார்.

தளபதி திரும்பிப் பார்க்கவில்லை. மாலையாகி, மணல் ஆறி, திரையில் முதல் சாணி தெரியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே குளம்பை நீட்டிச் சிவப்பை அழுத்தினார்.

நீதி: பதிவேட்டில் பொய் எழுதிவிட்டோமே என்று யாரும் மனம் நோக வேண்டாம், எழுதியதை விடாமல் எழுதிவந்தால், எழுதியபடியே எதிரி வந்து சேருவான்.